ஆளுக்கு முன்னே இரங்கல்

பக்கம் காலியாகிவிடக் கூடாதே என்று பத்திரிகைக்காரர்கள் செய்யும் முன்னேற்பாடு எமனுக்கே வேர்க்கவைக்கும். பிரமுகர் நடமாடிக்கொண்டிருக்கும்போதே இரங்கல் கட்டுரை தயாராகிவிடும். தேதியும் வயதும்தான் பாக்கி. நியூயார்க் டைம்ஸில் நடிகை எலிசபெத் டெய்லருக்கு அப்படி எழுதிவைத்தவர் மெல் குஸ்ஸோ. அவர் 2005-இல் போய்ச் சேர்ந்தார். டெய்லர் அசரவில்லை, 2011 வரை இருந்தார். கட்டுரை குஸ்ஸோ பெயரிலேயே வந்தது. (சன்மானம் யாருக்குப் போனதோ!) சி.என்.என். இன்னும் ஒரு படி மேலே. 2003-இல் அதன் இரங்கல் வரைவுகள் இணையத்தில் கசிந்தன. பிரிட்டன் ராணியின் அம்மாவுக்குச் செய்த பக்கத்திலேயே மற்றவர்களையும் நிரப்பிவைத்திருந்ததால், அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி ‘பிரிட்டனின் செல்லப் பாட்டி’ ஆகியிருந்தார். மனிதர் அப்போது உயிரோடுதான் இருந்தார், பதவியிலும்.