வித்தவுட் சார்

சென்னையில் எந்தப் பூங்காவை எடுத்துக்கொண்டாலும் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு டீக்கடை இருக்கும். காலை ஆறே முக்காலுக்கு அங்கே போய் நின்றால் வித்தவுட் சாரைப் பார்க்கலாம். கேன்வாஸ் ஷூ, மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டீ ஷர்ட், மணிக்கட்டில் அடி எண்ணும் கடிகாரம், கழுத்தில் ஒரு பூத்துண்டு. வங்கியிலோ கருவூலத்திலோ காலமெல்லாம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அவர் பெயர் கடையில் யாருக்கும் தெரியாது. தூரத்தில் தலை தெரிந்ததுமே மாஸ்டர் சர்க்கரை டப்பாவை ஒரு முழம் தள்ளி வைத்துவிடுவார்.

"மாஸ்டர், நமக்கு வித்தவுட்!"

இதைச் சார் மெதுவாகச் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. பெஞ்சில் பேப்பர் படிப்பவர், பால் பாக்கெட் வாங்க வந்தவர், ஆட்டோவுக்குள் தூங்குகிறவர் என அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும். சாட்சி இல்லாத துறவில் என்ன சுகம் இருக்கிறது? சொல்லி முடித்ததும் பக்கத்தில் நிற்பவரின் கிளாசை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் கூசிப்போய், "எனக்கும் கம்மிதான் சார்" என்று அவர் கேட்காமலே வாக்குமூலம் கொடுப்பார்.

"கம்மியெல்லாம் கதைக்கு ஆகாதுங்க. நான் விட்டு எட்டு வருஷம் ஆச்சு. ஒரு சிட்டிகை கிடையாது."

இந்த வீரத்தின் விலை என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை நாலைந்து கிராம். கிராமுக்கு நாலு கலோரி. ஒரு கிளாசுக்கு ஒன்றரை ஸ்பூன் என்று தாராளமாகவே வைத்தாலும் முப்பது கலோரி. சார் துறந்தது இதைத்தான். ஆனால் துறந்ததையெல்லாம் அவர் மனதுக்குள் ஒரு பேரேட்டில் வரவு வைத்துக்கொள்கிறார். வரவு சேர்ந்தால் செலவு செய்யாமல் இருக்க முடியுமா? வித்தவுட் கிளாஸ் வலது கைக்கு வந்ததும் இடது கை வடைத் தட்டுக்குப் போய்விடும்.

அதற்கு முன்னால் அந்தக் கிளாசையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சர்க்கரை போடாத காபி கசக்கும். கசந்தால் சார் முகம் சுளிப்பார். அவர் முகம் சுளிப்பது மாஸ்டருக்குப் பொறுக்காது. ஆகவே பால் தூக்கலாக விழும். அந்தப் பாலும் சாதாரணப் பால் இல்லை. வீட்டில் சாருக்கு வாய்த்தது ஆவின் நீலப் பாக்கெட், மூன்று சதவீதக் கொழுப்பு. கடையில் கொதிப்பது ஆரஞ்சு, ஆறு சதவீதம். அதே நூறு மில்லிதான், ஆனால் நீலத்தில் அறுபது கலோரிக்குள் அடங்குவது ஆரஞ்சில் தொண்ணூறை நெருங்கிவிடும். ஆக, சர்க்கரையில் மிச்சம் பிடித்த முப்பதைப் பால் அப்போதே எடுத்துக்கொண்டுவிட்டது. இதற்குமேல் சார் கிளாசை நீட்டி, "அந்த ஏடு கொஞ்சம் மேல போடுங்க" என்பார். ஏடு இனிக்காது. இனிக்காத எதுவும் அவர் பேரேட்டின் செலவுப் பக்கத்துக்கு வராது.

இனி வடை. எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த மெதுவடையைச் சார் சும்மா தின்றுவிட மாட்டார். பழைய நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தைக் கிழிப்பார். வடையை நடுவில் வைத்து மூடி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு அழுத்து. பிரித்தால் காகிதம் கண்ணாடியாகிவிட்டிருக்கும். மணமகள் தேவைப் பக்கத்தின் வழியாக அதற்குப் பின்னால் உள்ள வீட்டுமனை விற்பனையைப் படிக்கலாம்.

"பாத்தீங்களா, எவ்வளவு எண்ணெய்! அவ்வளவும் உள்ள போயிருக்கும்."

காகிதத்தில் ஒட்டியது இரண்டாவது வரவு. வடைக்குள் தங்கிவிட்டது பற்றிப் பேச்சில்லை. கொழுப்பு கிராமுக்கு ஒன்பது கலோரி, அதாவது ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெய் நாற்பது கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்குச் சமம். ஆனால் எண்ணெய்க்கு வித்தவுட் கிடையாது. தவிர, உணவை நாளிதழில் வைக்க வேண்டாம், அச்சு மை உடம்புக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்து, 2018-இல் விதியாகவும் கொண்டுவந்துவிட்டது. இதை ஒருமுறை ஓர் இளைஞர் எடுத்துச் சொன்னார். "அப்ப எண்ணெயோடவே சாப்பிடச் சொல்றீங்களா தம்பி?" என்று சார் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அளவைப் பொறுத்து ஒரு மெதுவடை நூறிலிருந்து நூற்றைம்பது கலோரி வரும். சார் பூங்காவை அரை மணி நேரம் வேகமாகச் சுற்றியதில், அவருடைய எழுபது கிலோவுக்கு, போனால் போகிறதென்று ஒரு நூற்றைம்பது கரைந்திருக்கும். முதல் வடையோடு வரவும் செலவும் நேராகிவிட்டது. இரண்டாவதை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சிக்கல் சாருக்கு வருவதில்லை. "ஒத்தைப்படையா சாப்பிடக் கூடாது" என்பார்.

வீட்டில் அம்மையாருக்கு மூக்கு மட்டும் கொஞ்சம் கூர்மை. "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றால், "வித்தவுட் காபிதான்" என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். அது உண்மையும்கூட. காபியைப் பற்றி அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

பதினோரு மணிக்கு வீட்டில் ரஸ்க் வரும். காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது, பத்தியச் சாப்பாடு, அதனால் இரண்டுக்குப் பதில் நாலு. ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். அதை மறுபடி அடுப்பில் காயவைத்துத் தண்ணீரை ஓட்டினால் ரஸ்க். நூறு கிராம் ரொட்டியில் இருநூற்றறுபது கலோரிபோல என்றால் நூறு கிராம் ரஸ்க்கில் நானூற்றுக்கு மேல். மேரி பிஸ்கட்டும் அப்படித்தான். நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். நார்ச்சத்து என்று பெட்டியில் கோதுமைக் கதிரை வரைந்து விற்கிற பிஸ்கட் கலோரியில் மேரியையும் தாண்டிவிடும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கிறது. சார் படிக்கும் கண்ணாடி அந்த நேரத்தில் மட்டும் கிடைக்காது.

ஊர்ப் பக்கம் காரில் போகும்போது சார் விரதத்தைக் கொஞ்சம் தளர்த்துவார். நெடுஞ்சாலை ஓரத்தில் கருப்பட்டிக் காபி போர்டு தெரிந்தால் ஓட்டுநரின் தோளில் கை விழும். அங்கே அவர் வித்தவுட் சொல்ல மாட்டார். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், கருப்பட்டி மருந்து. பனை நம் மாநில மரம் வேறு. மாநில மரத்திலிருந்து வருவது குடிமகனுக்குக் கெடுதல் செய்யுமா? கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரையும் கலோரியில் கிட்டத்தட்ட ஒரே நிறைதான். வயிற்றைத் தாண்டியபின் ரத்தம் நிறம் பார்ப்பதில்லை. ஆனால் அந்தக் காபியின் மணத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கே வாய் வராது.

போன தீபாவளி விடுமுறையில் பேத்தி அவரை ஒரு பெரிய மாலில் உள்ள காபி ஷாப்புக்கு அழைத்துப் போனாள். குளிர்பதனம், மர நாற்காலி, சுவரில் கறுப்புப் பலகை. ஒவ்வொரு பானத்துக்குப் பக்கத்திலும் விலை தவிர இன்னொரு எண் இருந்தது. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் வைத்திருக்கிற உணவகங்கள் பட்டியலில் கலோரி போட்டே ஆக வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு விதி. 2022 ஜூலையிலிருந்து நடைமுறை. சார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"என்னம்மா, முந்நூத்தி எண்பது கிலோன்னு போட்டிருக்கு?"

"அது கிலோ கலோரி, தாத்தா. நீங்க சொல்ற கலோரிதான்."

அப்போதும் திகில் குறையவில்லை. ஒரு சராசரி ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் என்று அடியில் ஒரு வரி எழுதியிருந்தது. ஐந்து கிளாஸ் குடித்தால் ஒரு நாள் சாப்பாடு முடிந்தது. சாக்லேட், ஐஸ், அதன்மேல் கூம்பாகக் கிரீம் வைத்த ஒன்றைப் பேத்தி சொல்லிவிட்டாள். சார் மேசையில் ஊன்றி முன்னால் குனிந்து, கவுன்டரில் நின்ற பெண்ணிடம் தன் வாழ்க்கைக் கொள்கையை அறிவித்தார்.

"எனக்கும் அதே. ஆனா வித்தவுட்."

"சார், சாக்லேட் சாஸ்லயும் பேஸ்லயும் ஏற்கெனவே சுகர் இருக்கும் சார்."

"அது இருந்துட்டுப் போகட்டும்மா. நீ தனியா போடாதே."

அந்தப் பெண் தனியாகப் போடவில்லை. சார் மனநிறைவோடு குடித்தார். அவ்வளவு பெரிய கிளாஸ் காலியான பிறகும் பசிக்கிறதே என்று ஒரு மஃபின் சொன்னார். குடித்த கலோரியை வயிறு லேசில் கண்டுகொள்வதில்லை, மென்றதற்குத்தான் மரியாதை. மஃபினுக்குப் பக்கத்தில் நானூற்றுச் சொச்சம் போட்டிருந்ததை அவர் கையால் மறைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவர் டீக்கடையில் ஒரு வாரம் இதைப் பற்றியே பேசினார். "அங்கெல்லாம் மனுஷன் போவானா? எல்லாத்துலயும் கலோரி! நம்ம மாஸ்டர் கடையில அந்த மாதிரி எதுவும் கிடையாது." ஒற்றைக் கடைக்கு அந்த விதி பொருந்தாது; கண்ணாடி ஜாடிகளில் எண் எழுதியிருக்காது. எழுதாத இடத்தில் கலோரி இல்லை என்பது சாரின் திடமான நம்பிக்கை. நியாயத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: டீக்கடைக் கிளாஸ் சின்னது. வடை இல்லாமல் குடித்தால் சாரின் ஆரஞ்சுப் பால் காபி, மாலில் விற்கிற அந்தக் கூம்பின் கால் பங்குக்கு மேல் வராது. வடை இல்லாமல் குடிக்கிற ஆள்தான் கிடைக்கவில்லை.

2025 ஜூலையில் சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் பெட்டி மாதிரி எச்சரிக்கை வரப்போகிறது என்று ஒரு செய்தி பரவியது. சார் அன்று காலை நடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தார். அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வையுங்கள் என்றுதான் சொன்னோம், கடைக்காரருக்கு எதுவும் இல்லை என்று சுகாதார அமைச்சகம் விளக்கம் கொடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் ஒரு வெங்காயச் சமோசா.

இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ரத்தப் பரிசோதனை என்றால் சாருக்குக் கலக்கம்தான். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அதில் தானும் ஒருவர் என்பதை அவர் ஒத்துக்கொள்வதில்லை; "பார்டர்ல இருக்கேன்" என்பார், பல வருடமாக. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் அவர் முற்றிலும் வேறு மனிதர். ஓட்ஸ் கஞ்சி, பாகற்காய், வெந்தய ஊறல். டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நான்காம் நாள் வெறும் வயிற்றில் போய்க் கையை நீட்டுவார்.

டாக்டர் இளம்பெண். காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஃபாஸ்டிங் ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். இந்த ஹெச்பிஏ1சி-தான் எட்டைத் தாண்டி நிக்குது."

"அது என்னம்மா?"

"சிவப்பணுவுல சக்கரை ஒட்டிக்கும். அந்த அணு நாலு மாசம் உயிரோட இருக்கும். அதனால இது கடைசி ரெண்டு மூணு மாசத்துச் சராசரியைக் காட்டிடும். மூணு நாள் பத்தியம் இதுகிட்ட செல்லாது."

ஒரு பைசா இடித்தால் இரவு பத்து மணியானாலும் சரிபார்க்காமல் கிளையைப் பூட்டாதவர், தன் ரத்தமே தனக்குத் தெரியாமல் பாஸ்புக் போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு ஆடிப்போய்விட்டார். செலவுப் பக்கம் முழுக்க அதில் இருந்தது, ஏடு முதற்கொண்டு.

"சக்கரையே தொடறதில்லையேம்மா நான்!"

"மைதாவும் உளுந்தும் உள்ள போனா மாவுச்சத்துதானே அங்கிள், அதுவும் குளுக்கோஸ் ஆகும். எண்ணெய்ல எடை ஏறும், எடை ஏறினா இன்சுலின் சரியா வேலை செய்யாது. வடை, சமோசா, பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்துங்க. காபியில வேணும்னா அரை ஸ்பூன் சக்கரை போட்டுக்கூடக் குடிங்க, பரவாயில்லை. இதெல்லாம் வேண்டாம்."

அரை ஸ்பூன் சலுகையைச் சார் கோபத்தோடு நிராகரித்தார். எட்டு வருடத்து வைராக்கியத்தை ஒரு சின்னப் பெண் சொல்லி விட்டுவிடுவதா? ஆனால் எண்ணெய் பற்றிச் சொன்னது மட்டும் மனதில் உறுத்திவிட்டது. இரண்டு நாள் யோசித்தார். நாளிதழ் கூடாது என்று விதியும் இருக்கிறது, டாக்டரும் எண்ணெய் கூடாது என்கிறார். மூன்றாம் நாள் காலை டீக்கடையைத் தாண்டி நேராக டிபன் கடைக்குப் போய் உட்கார்ந்தார்.

"தம்பி, சாம்பார் வடை. ரெண்டு. நல்லா ஊறினதா."

எதிரில் இருந்தவரிடம் கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டி விளக்கினார்.

"மேல பொன்னு மாதிரி மிதக்குது பாருங்க, அதெல்லாம் வடையில இருந்த எண்ணெய். ஊற ஊற வெளிய வந்துடும். இப்ப இது வெறும் உளுந்து."

வெறும் உளுந்தை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். பிறகு கிண்ணத்தைத் தூக்கி, பொன்னையும் சேர்த்துக் குடித்துவிட்டு, சர்வரைக் கூப்பிட்டார்.

"ஒரு காபி. வித்தவுட்!"