நிமிஷத்துக்கு எத்தனை இயேசு?

அமெரிக்கக் கிறிஸ்தவ பாப் பாடகி எமி கிராண்ட்டின் கொள்ளுத்தாத்தா ஏ.எம். பர்ட்டன், நாஷ்வில்லில் இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்திக் கொழித்தவர். கிறிஸ்து சபைக்காரர். அந்தச் சபையில் ஒரு விசேஷம்: ஆராதனையில் வாத்தியம் கூடாது. பியானோ, ஆர்கன், கிடார் எதுவும் வாசற்படி தாண்டாது. அப்போஸ்தலர்கள் ஆர்கன் வாசித்ததாகப் புதிய ஏற்பாட்டில் எங்கும் இல்லை, ஆகவே நாமும் வாசிக்கக் கூடாது என்பது வாதம். (ஏசியும் கார் நிறுத்துமிடமும்கூடத்தான் புதிய ஏற்பாட்டில் இல்லை. அதை யாரும் கிளப்புவதில்லை.) இப்படிப்பட்டவருடைய கம்பெனி 1926-இல் ஒரு வானொலி நிலையம் தொடங்கியது. பெயர் டபிள்யூஎல்ஏசி, பின்னால் வரும் மூன்று எழுத்தும் கம்பெனிப் பெயரின் சுருக்கம். அந்த நிலையம் பிற்பாடு ராத்திரி வேளைகளில் ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளை ஊர் ஊராக ஒலிபரப்பியே பேர் வாங்கியது. ஞாயிறு காலை கிடார் பாவம். வாரநாள் ராத்திரி விளம்பரத்தோடு வந்தால் வருமானம். கொள்ளுப்பேத்தியின் வரலாறு முழுவதும் இந்த ஏற்பாட்டின் நீட்சிதான்.

எமி பிறந்தது 1960 நவம்பர் 25, ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில். டாக்டர் அப்பா, நான்கு பெண்களில் கடைக்குட்டி. குடும்பம் நாஷ்வில்லுக்கே திரும்பிவந்தது. பெண்கள் பள்ளியில் படிக்கும்போது கிடாரும் கையுமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார். 1976-இல் அப்பா அம்மாவுக்குப் போட்டுக்காட்ட ஒரு டேப் பதிவு செய்தார். உதவியவர் சபையின் வாலிபர் குழுத் தலைவர் பிரவுன் பானிஸ்டர். அவர் ஸ்டூடியோவில் அதற்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஸ்டூடியோ முதலாளி காதில் விழுந்துவிட்டது. முதலாளியின் பெயர் கிறிஸ் கிறிஸ்டியன். நான் வைத்த பெயர் இல்லை, நிஜமாகவே அதுதான். அவர் டெக்ஸாஸில் இருந்த வேர்ட் ரெக்கார்ட்ஸுக்குப் போன் போட்டு, ரிசீவருக்குப் பக்கத்தில் டேப்பை ஓடவிட்டார். அந்தக் காலத்து டிரங்க் கால் கரகரப்பையும் தாண்டி அந்தப் பக்கத்தில் ஒருவருக்குப் பிடித்துப்போனது. பதினாறாவது பிறந்தநாளுக்கு ஐந்து வாரம் இருக்கையில் ஒப்பந்தம் தேடிவந்தது. வீட்டுக்குள் போட்டுக் கேட்க எடுத்த டேப், பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு ஆல்பத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அன்றைக்கு அமெரிக்கக் கிறிஸ்தவ பாப் என்பது பெரிய தொழில் ஒன்றும் இல்லை. முடி வளர்த்த ஹிப்பிகள் சிலர் மனந்திரும்பி, முடியை மட்டும் வெட்டாமல், ராக் இசையில் இயேசுவைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பெற்றோருக்கு அந்த முடியைப் பார்த்தாலே கிலி. அந்த நேரத்தில் சுருட்டை முடியும் சிரிப்புமாக, பல்கலைக்கழகத்தில் படிக்கிற டாக்டர் வீட்டுப் பெண் வந்து நின்றால் யாருக்குத்தான் கசக்கும்? ரெக்கார்டுகள் விற்றது கிறிஸ்தவப் புத்தகக் கடையில், வேதாகமத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் நடுவில். 1982-இல் வந்த 'ஏஜ் டு ஏஜ்' அந்த அலமாரியை உடைத்தது. தனிப்பாடகர் ஒருவரின் கிறிஸ்தவ ஆல்பம் தங்கத் தட்டு வாங்கியது அதுவே முதல் தடவை. அப்புறம் பிளாட்டினம். நாஷ்வில்லில் கோட்டும் டையும் போட்ட ஆட்கள் அன்றுதான் கால்குலேட்டரைக் கையில் எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இன்றுவரை கீழே வைக்கவில்லை.

அதே ஆண்டு எமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை, அவருக்குப் பாட்டு எழுதிக்கொடுத்த கேரி சாப்மன். இதுவரை வந்த கதையை எந்த ஞாயிறு பள்ளியிலும் தைரியமாகச் சொல்லலாம்.

1985-இல் சிறுத்தைப் புலி வந்தது. நிஜப் புலி அல்ல, 'அன்கார்டட்' ஆல்பத்தின் அட்டையில் எமி போட்டிருந்த ஜாக்கெட்டின் டிசைன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எலியா தீர்க்கதரிசி மயிருடையும் வார்க்கச்சையுமாகத் திரிந்தவர்; யோவான் ஸ்நானகனுக்கு ஒட்டக மயிர். ஆனால் சிறுத்தைக்கு வேதாகமத்தில் சலுகை இல்லைபோல. அதே ஆண்டு கிராமி மேடையில் வெறுங்காலுடன் வேறு பாடினார். மோசேயைப் பாதரட்சையைக் கழற்றச் சொன்னவர் கடவுள்தான், ஆனாலும் புகார்கள் போயின. சாட்சி கெட்டுவிட்டது, உலகத்தோடு ஒத்துப்போய்விட்டாள் என்றார்கள். உலகமோ உட்கார்ந்து கேட்டது. மறு ஆண்டு பீட்டர் செட்டெராவோடு பாடிய காதல் டூயட் அமெரிக்காவின் முதலிடத்துக்குப் போனது.

1990-இல் நடந்ததை நானாகக் கற்பனை செய்திருந்தால் பத்திரிகை ஆசிரியர் வெட்டியிருப்பார். மார்வெல் காமிக்ஸின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' பதினைந்தாம் இதழ் கடைக்கு வந்தது. ரத்தக் காட்டேரிக் கதை. அட்டையில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தவர்கள் எங்கேயோ பார்த்த முகமாயிருக்கிறதே என்று யோசித்தார்கள். வேறெங்கே, எமியின் பழைய பாடல் தொகுப்பு ஒன்றின் அட்டையில்தான். அமெரிக்க வாலிபர் கூட்டங்களின் செல்லப் பாடகி, மந்திரவாதி புத்தகத்தின் முகப்பில்! மேனேஜர்கள் வழக்குப் போட்டார்கள். பில்லி சூனியத்தோடு முடிச்சுப் போட்டால் ரசிகர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வாதம். 1991-இல் கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்து, விவரத்துக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். மார்வெல் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சிறுத்தைத் தோலுக்குக் கொதித்தவர்கள் காட்டேரி விஷயத்தில் எமி பக்கம் நின்றிருப்பார்கள் என்பது என் ஊகம். பொது எதிரிக்கு ஈடு இணை உண்டா?

அந்த ஒற்றுமையும் நீடிக்கவில்லை. 1991-இலேயே 'பேபி பேபி' வந்தது. ஆறு வாரக் குழந்தையான தன் மகளின் முகத்தைப் பார்த்து எமி எழுதிய பாட்டு அது. அதாவது தாலாட்டு. ஆனால் வீடியோவில் குழந்தைக்குப் பதிலாக வந்தது ஒரு அழகான ஆண் மாடல். எமி அவரோடு சிரித்துக் கொஞ்சி, ஆரஞ்சுப் பழம் உருட்டி விளையாடுகிறார். கல்யாணமான கிறிஸ்தவப் பெண்ணுக்கு இது அடுக்குமா என்று ஊரே பொங்கியது. பொங்கிக்கொண்டே கடைக்குப் போனது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பாட்டு இரண்டு வாரம் முதலிடம், 'ஹார்ட் இன் மோஷன்' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 50 லட்சத்தைத் தாண்டியது. இத்தனையையும் உலகத்தார் மட்டுமே வாங்கினார்கள் என்று நம்ப எனக்கு விசுவாசம் போதவில்லை.

இதற்குள் தொழிலுக்கே ஒரு நோய் பிடித்திருந்தது. பாட்டில் ஆண்டவர் பேர் எத்தனை தடவை வருகிறது என்பதை வைத்து எடைபோடும் பழக்கம். 'நிமிஷத்துக்கு எத்தனை இயேசு' என்று தொழிலில் இருந்தவர்களே இதைக் கிண்டலடித்தார்கள். அந்தத் தராசில் எமி 1997-இல் 'பிஹைண்ட் தி ஐஸ்' ஆல்பத்தை வைத்தார். உடைந்த மனசு, தூரமாகிப்போன உறவு, ராத்திரிக் கவலை. முள் அசையவே இல்லை. அப்படியும் 1998-இல் கிறிஸ்தவ இசை உலகின் டவ் விருது அதற்கே போனது. கொடுத்த பிறகுதான் கொடுத்தவர்களுக்கே சந்தேகம் வந்தது: இது கிறிஸ்தவப் பாட்டுதானா? கமிட்டி போட்டார்கள். வரையறை எழுதினார்கள். வேதாகம சத்தியத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும், அல்லது ஆராதனையாக இருக்க வேண்டும், அல்லது சாட்சியாக, அல்லது கிறிஸ்தவ உலகப் பார்வையில் பிறந்ததாக. அத்தனை 'அல்லது' போட்டால் கழுதைகூட நுழைந்துவிடும். ஆனாலும் அடுத்த வருஷமே எந்தப் பாட்டு உள்ளே, எது வெளியே என்று சண்டை. வேதாகமத்தில் எஸ்தர் புத்தகத்தில் கடவுள் என்ற சொல்லே கிடையாது. டவ் விருதுக்கு அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

1999-இல் எமிக்கும் கேரி சாப்மனுக்கும் விவாகரத்து. 2000 மார்ச்சில் கன்ட்ரி இசை நட்சத்திரம் வின்ஸ் கில்லைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் 1994-இல் டூயட் பாடியவர்கள் என்பதால் ஊர் விரல்விட்டு எண்ணியது. சில கிறிஸ்தவ வானொலிகள் அவர் பாட்டுகளை நிறுத்தின. முறிந்த கல்யாணத்தின் வலியை இரண்டு பேருக்கும் விட்டுவிடலாம், அது நம் பஞ்சாயத்து இல்லை. ஆனால் வானொலிக்காரர்களின் இறையியல் எனக்குப் புரியவில்லை. விபச்சாரமும் கொலையும் செய்த தாவீதின் சங்கீதங்களை வாசித்துவிட்டுத்தானே காலை ஒலிபரப்பையே தொடங்குகிறார்கள்?

2022 டிசம்பரில் அவருக்குக் கென்னடி சென்டர் கௌரவம் கிடைத்தது. தற்காலக் கிறிஸ்தவ இசையிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள். அதையொட்டியே, அவர் உறவுக்காரப் பெண் ஒருத்தி இன்னொரு பெண்ணை மணக்கும் விழாவுக்குத் தன் பண்ணையில் இடம் கொடுக்கிறார் என்ற செய்தி வெளியாகி, சுவிசேஷப் பிரசங்கியார் பிராங்க்ளின் கிரகாம் பகிரங்கமாகக் கண்டித்தார். ஆக, வசவும் விருதும் வழக்கம்போல ஒன்றாகவே வந்துசேர்ந்தன.

எமியைக் கேட்டதே இல்லை என்றால் 'பேபி பேபி'யில் தொடங்காதீர்கள், அது எப்படியும் ஏதாவது சூப்பர் மார்க்கெட்டில் காதில் விழும். கமிட்டி போடவைத்த அந்த 1997 ஆல்பத்தைக் கேளுங்கள். அவர் செய்ததிலேயே அதுதான் சிறந்தது.