இரண்டு கிலோ கூடுதல் பாரம்

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்கு எடை என்றால் ஜென்மப் பகை. 2015-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காரில் கதவைத் திறக்க உள்ளே கைப்பிடி கிடையாது, ஒரு துணி நாடாதான். கூரை மக்னீசியம், ஆம், பள்ளி ஆய்வகத்தில் வெள்ளை வெளேரென்று எரிந்து நம் கண்ணைக் கூச வைத்த அதே உலோகம். இப்படிக் கிராம் கிராமாகக் காசு கொடுத்துக் குறைத்த காரில் இரண்டு கிலோ எடையில் ஒரு தீயணைப்பான் வையுங்கள் என்றால், மாவாட்டும் கிரைண்டரை ஏற்றச் சொன்னதுபோல் உரிமையாளர் முறைக்கிறார். அவர் முறைக்கட்டும். சாலையில் ஓடும் கார்களிலேயே அந்தச் சிவப்பு உருளை மிகவும் தேவைப்படுவது இந்த ஜாதிக்குத்தான் என்பது என் கட்சி.

காரணம் எளிது. குடும்பக் காரில் இன்ஜின் முன்னால், காற்றோட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பல ஸ்போர்ட்ஸ் கார்களிலோ இருக்கைக்குப் பின்னால் ஒரு நெருக்கடியான பொந்தில் அதைத் திணித்திருப்பார்கள். பல நூறு டிகிரியில் கொதிக்கும் புகைக்குழாயும் பெட்ரோல் குழாயும் ஆயில் குழாயும் அங்கே ஒண்டுக்குடித்தனம். ஓடும்வரை காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். விரட்டி ஓட்டிவிட்டு நிறுத்தினால் சூடு போக இடமில்லாமல் அங்கேயே தங்கும். ஆபத்து பல நேரம் கார் நின்ற பிறகுதான் தொடங்குகிறது. 2010-இல் ஃபெராரி 458 இத்தாலியா கார்கள் சில தீப்பற்றியபோது அகப்பட்ட குற்றவாளி பெட்ரோல்கூட அல்ல, பசை. பின்சக்கர வளைவில் வெப்பத் தடுப்பை ஒட்டியிருந்த பசை சூட்டில் இளகியது. 1,248 கார்களைத் திரும்ப அழைத்துப் பசைக்குப் பதில் உலோகப் பிணைப்பு போட்டார்கள். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள கார், ஒட்டு விட்டுப்போனதால் எரிந்தது. 2014-இல் போர்ஷேயின் முறை: கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து தீப்பிடித்ததால், 785 ஜிடி3 கார்களின் உரிமையாளர்களிடம் வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் புது இன்ஜின் மாற்றிக் கொடுத்தது. அந்த போர்ஷேயே, பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்கான ‘கிளப்ஸ்போர்ட்’ தொகுப்பில் பாதுகாப்புக் கம்பிக்கூண்டோடு தீயணைப்பானையும் சேர்த்துத் தருகிறது. செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை: போலந்திலும் பெல்ஜியத்திலும் சின்னஞ்சிறு குடும்பக் காரில்கூட அது கட்டாயம், வேக வரம்பில்லாத நெடுஞ்சாலை உள்ள ஜெர்மனியில் சொந்தக் காருக்குக் கட்டாயமில்லை.

எரிந்தால் இன்சூரன்ஸ் தரட்டுமே என்பார்கள். தரும், காருக்கு. கராஜுக்கு மேல் படுக்கையறையில் தூங்குகிறவர்களுக்கு அது மாற்று தராது. உருளைக்குள் இருக்கும் ஒரு கிலோ பவுடர் பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடுமே என்பார்கள். உண்மை, வளர்ந்த தீயை அது ஒன்றும் செய்யாது. பிறந்த தீயை அணைக்கத்தான் அது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்குப் போகும் நேரத்தில் அரை விநாடி குறைக்க ஆஸ்தியைக் கொட்டுகிறவர், பத்து விநாடியை அற்பம் என்று சொல்லலாமா? பவுடர் இன்ஜினைக் கெடுத்துவிடும் என்பதில் மட்டும் நியாயம் உண்டு. வழக்கமான ஏபிசி பவுடரில் இருக்கும் அம்மோனியம் பாஸ்பேட், ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும். நெருப்பும் அலுமினியத்தை விட்டுவைப்பதில்லை, கொஞ்சம் அவசரமாகவே சாப்பிடும். அப்படியும் மனம் கேட்கவில்லையா? கறை விடாத வாயு வகை இருக்கிறது, விலை கூடுதல். முன்பு இதற்குப் பேர்போன ஹாலான், ஓசோனைத் தின்பதால் வளர்ந்த நாடுகளில் 1994 முதல் உற்பத்தி நின்று, மாற்று வாயுக்கள் வந்துவிட்டன. இருக்கைத் தையல் நூலின் நிறத்துக்குத் தனியாகப் பணம் கட்டியவருக்கு இந்த விலை பெரிதல்ல.

கனமான எதிர்ப்பு ஒன்றுதான்: மோதலில் அந்த உருளையே பீரங்கிக் குண்டாகும். ரேலி கார்களில் அதன் பிடிப்பு புவியீர்ப்பைப்போல் 25 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது மோட்டார் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏவின் விதி. அந்தக் கணக்கில் இரண்டு கிலோ உருளை ஐம்பது கிலோவாக உங்கள் கணுக்காலைத் தேடி வரும். இருக்கைக்கு அடியில் சும்மா உருட்டிவிடுவதைவிட இல்லாமலிருப்பதே மேல் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது தீயணைப்பானுக்கு எதிரான வாதமல்ல, சோம்பலுக்கு எதிரான வாதம். இருக்கை போல்ட்டுகளிலேயே பொருந்தும் உலோகத் தாங்கிகள் கிடைக்கின்றன. டிக்கியில் வைப்பதும் வீண். புகை வரும்போது பெட்டி படுக்கையை இறக்கிவைத்துத் தேட நேரமிருக்காது.

ஆகவே, தாங்கியோடு வாங்குங்கள். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். புகை கண்டால் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதலில் எல்லோரும் இறங்குங்கள். இன்ஜின் மூடியை அகலத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ கொழுக்கும். கீறலாகத் திறந்து அந்த இடுக்கில் அடியுங்கள். உருளை காலியாகியும் அடங்கவில்லையென்றால் தள்ளிப் போய்விடுங்கள். கார் கம்பெனி இன்னும் கார் செய்துகொண்டுதான் இருக்கிறது.