பூட்டபிள் அண்ணன்

பெரம்பலூரில் பாலக்கரைப் பக்கமோ பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டியோ, அரியலூரில் செந்துறை ரோட்டிலோ, இந்த அண்ணனுக்கு ஒரு கடை இருக்கும். ஊருக்கு நாலு பேராவது இப்படி உண்டு, பெயர்தான் வேறு. போர்டில் டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, பான் கார்டு என்று வரிசையாக எழுதி, ஓரத்தில் இடம் மிஞ்சியதால் 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்றும் சேர்த்திருப்பார். ஐம்பதை நெருங்கும் வயது. பேஜ்மேக்கரில் பத்திரிகை அடிப்பார். போட்டோஷாப் 7இல் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குக் கோட்டு மாட்டிவிடுவார். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதைச் செய்த கம்பெனியே அதை மறந்துவிட்டது, அண்ணன் மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு காதணி விழா நடக்கிறதென்றால் அதற்கு முதல் காரணம் தாய்மாமன், அடுத்த காரணம் பேஜ்மேக்கர்.

இப்பேர்ப்பட்டவரை விண்டோஸிலிருந்து லினக்ஸ் பக்கம் தள்ளியது மைக்ரோசாஃப்ட்தான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. அதற்கு வெகுநாள் முன்பிருந்தே, வேலைக்கு நடுவில் திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 வாங்கத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டுப் போகும். டிபிஎம் 2.0 என்றொரு பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் பிராசஸராவது வேண்டுமாம். அண்ணனுடையது மூன்றாம் தலைமுறை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாகப் பொறுக்கி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து தன் கையால் மாட்டியது. சம்பந்தி வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பியது போல ஆகிவிட்டது அவருக்கு. "நல்லா ஓடுற மெஷினு சார். இதுக்கு என்ன தகுதி வேணுமாம்? டெட் பரீட்சையா எழுதணும்?" என்று ஜெராக்ஸ் எடுக்க வந்த வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பரீட்சை பாக்கி இருந்தது.

லினக்ஸ்காரர்கள் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். 'இலவசம்' என்று அவர்கள் அடிக்கிற தண்டோரா எங்கள் ஊரில் யார் காதிலும் ஏறாது. அக்கா மகன் முதன்முதலாக "மாமா, இது ஃப்ரீ" என்று சொன்னபோது அண்ணன் உண்மையாகவே குழம்பினார்.

"சும்மாவா? அப்ப விண்டோஸுக்கு மட்டும் காசா?"

விண்டோஸ் 98 மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய சிடியாக வந்தது. எக்ஸ்பி வந்தபோது சீரியல் நம்பர் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. ஏழும் பத்தும் ஆளுக்கொரு குட்டிப் புரோகிராமோடு வந்து தானாகவே 'ஆக்டிவேட்' ஆகிக்கொண்டன. பில் கேட்ஸுக்கும் அண்ணனுக்கும் இத்தனை வருஷத்தில் கொடுக்கல் வாங்கல் என்று ஒன்று இருந்ததே இல்லை. அதனால்தான் மனஸ்தாபமும் இல்லாமல் ஓடியது.

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. அண்ணன் லினக்ஸை இப்போதுதான் பார்க்கிறார் என்று நினைக்க வேண்டாம், நிறையப் பார்த்தவர். ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அரசுக் கம்ப்யூட்டர்களில் சூசே லினக்ஸ் ஏற ஆரம்பித்தது. 2011 செப்டம்பர் 15இல் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அந்த முதல் தவணை லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு வாசல். ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்துச் செய்த பாஸ் லினக்ஸ். ஸ்டார்ட்டரில் ஒரு வஞ்சனை உண்டு, வால்பேப்பரை மாற்ற முடியாது. பிளஸ் டூ படிக்கிற பையனுக்கு லேப்டாப் வந்து, அதில் தளபதியையோ தலையையோ வைக்க முடியாது என்றால் அது என்ன லேப்டாப்? குன்னத்திலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் பிள்ளைகள் பை தொங்கத் தொங்க அண்ணன் கடைக்கு வந்தார்கள். அண்ணன் நூறோ இருநூறோ வாங்கிக்கொண்டு இரண்டு வாசலையும் இடித்துத் தள்ளிவிட்டு 'அல்டிமேட்' போட்டுத் தருவார்.

"பாஸ்னு ஒண்ணு வருதேண்ணே, அது என்னது?"

"அது கவர்ன்மென்ட் வைரஸ் தம்பி. எடுத்துடலாம்."

அந்த சீசனில் பெரம்பலூர் மாவட்டத்தில் லினக்ஸை ஒழித்ததில் அண்ணனுக்கு முக்கியப் பங்குண்டு. இன்று அதே அண்ணன் சட்டைப் பையில் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவோடு திரிகிறார். யாராவது "ஒரு பைல் காப்பி பண்ணணும், அதைக் குடுங்கண்ணே" என்றால் பையைப் பொத்திக்கொள்வார். "அதைத் தொடாத. அது பூட்டபிள்."

முதலில் மின்டைக் கம்ப்யூட்டரில் போடவில்லை. பூட்டபிள் என்றால் பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பி ஓட்டிப் பார்க்கலாம் என்று மருமகன் சொல்லியிருந்தான். எல்லாம் வேலை செய்தது, நெட்டும் வந்தது. ஆர்வத்தில் அதிலேயே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயார் செய்தார். பிறப்பு, இறப்பு, இரண்டு ஓரமும் விளக்கு, கீழே பேரன் பேத்திகள் பதினெட்டுப் பேர். சேவ் செய்தார். கரண்டு போனது. திரும்பி வந்தபோது போஸ்டரும் காலமாகியிருந்தது. பென்டிரைவில் ஓடுகிற வரை எல்லாம் ரேமில்தான் இருக்கும், அணைத்தால் போய்விடும் என்பதை மருமகன் சொல்ல மறந்திருந்தான். துக்க வீட்டுக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பதினெட்டுப் பெயரையும் அண்ணன் மறுபடி அடித்தார், விண்டோஸில்.

அதற்கப்புறம்தான் இன்ஸ்டால். டிஸ்க்கை முழுசாக அழிக்கவா, விண்டோஸ் பக்கத்திலேயே இடம் பிரித்துக்கொள்ளவா என்று கேட்டது. டி டிரைவில் இத்தனை வருஷத்துப் பத்திரிகைகளும் மகள் சடங்கு வீடியோவும் இருந்தன. "பிரிச்சுக்கலாம் மாமா, ஒண்ணும் ஆகாது" என்றான் பையன். பெரம்பலூர்க்காரரிடம் இதைச் சொல்லலாமா? 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். மறுவருஷமே சேர்த்தார்கள். 2007இல் மறுபடி பிரித்தார்கள். எந்தக் காகிதத்துக்கு எந்த ஊர் பஸ் ஏறுவது என்று தெரியாமல் போய் வந்த தலைமுறை அது. "பிரிக்கிறது லேசுடா. நம்ம பைல் எந்தப் பக்கம் நிக்கும்னு முதல்ல சொல்லு" என்று கேட்டுவிட்டு, டி டிரைவை முழுக்க வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்த பிறகுதான் மவுசைத் தொட்டார். அரசாங்கத்துக்கு இல்லாத முன்யோசனை.

மின்ட் ஏறியது. பார்க்க விண்டோஸ் சாயலில்தான் இருந்தது: கீழே பட்டை, இடது மூலையில் மெனு. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்தார். விரல் தானாக அடுத்த வேலைக்குப் போனது. அங்கே அது இல்லை.

"டேய், ரிஃப்ரெஷ் எங்கடா?"

விண்டோஸில் ரிஃப்ரெஷ் செய்தால் திரையில் இருக்கிற படங்கள் ஒருமுறை மறுபடி வரையப்படும். அவ்வளவுதான். வேகம் கூடாது, ரேம் காலியாகாது, வைரஸ் ஓடாது. ஆனால் நம் ஆட்களுக்கு அது சாமி கும்பிட்டுக் கல்லாவைத் திறக்கிற காரியம். கம்ப்யூட்டர் போட்டதும் மூன்று முறை, பத்திரிகை அடிக்கும் முன் இரண்டு முறை, வாடிக்கையாளர் எழுத்துப் பிழை சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க ஏழெட்டு முறை. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சிலர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார்கள், அண்ணன் ரிஃப்ரெஷ் அடிப்பார். அது இல்லாத கம்ப்யூட்டர் முன்னால் அவருடைய ஆள்காட்டி விரல் வேலை போன ஆளாக மவுஸ் மேல் உட்கார்ந்திருந்தது. "ஃபோல்டருக்குள்ள எஃப்5 அடிச்சா வரும் மாமா" என்றான் பையன். அண்ணனுக்குத் திருப்தியில்லை. என் கணிப்பில், டெஸ்க்டாப்பில் ஒன்றுமே செய்யாத ஒரு ரிஃப்ரெஷ் பட்டனை வைத்துவிட்டால் பெரம்பலூரில் பாதிப் பேர் லினக்ஸுக்கு வந்துவிடுவார்கள்.

சி டிரைவ் எங்கே, ஆன்டிவைரஸ் ஏன் இல்லை என்ற கேள்விகளைத் தாண்டி ஒரு பழைய பத்திரிகையை லிப்ரே ஆபீஸில் திறந்தார். 'திருமண' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, பி, யூ, கே, இசட் என்று ஐந்து ஆங்கில எழுத்துகள். மணமகன் பெயரில் இரண்டு அரைப்புள்ளி. முகூர்த்த நேரம் மட்டும் தப்பித்தது, எண்கள் எண்களாகவே இருந்தன. பாமினி எழுத்துருவில் அடித்ததெல்லாம் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வேஷம். வேஷம் விண்டோஸ் பக்கத்திலேயே தங்கிவிட்டது. இரண்டு டிடிபிக் கடைகள் ஒரே எழுத்துருவை வைத்திராவிட்டால் ஒருவர் பைல் இன்னொருவருக்குக் கிறுக்கலாகத் தெரிவதை அண்ணன் காலமெல்லாம் பார்த்தவர். தன் பைலே தனக்குக் கிறுக்கலாகத் தெரிந்ததுதான் புதுசு. பையன் எழுத்துருக்களை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கம் போட்டான், மாப்பிள்ளைக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. "இனிமே யூனிகோடுல அடிங்க மாமா" என்றான். அண்ணன் பதில் சொல்லவில்லை. ரைட் கிளிக் செய்து, ஏமாந்து, கையை எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் போயிருக்கும், அண்ணனுக்கு ஒழுக்கம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக கிராக் செய்யாத ஒரு பொருள் அவர் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்த யோக்கியதை அவரைச் சும்மா இருக்க விடுமா? "திருட்டு விண்டோஸ் தப்பு சார்" என்று, நேற்று வரை அதைத் தன்னிடமே போட்டுக்கொண்டு போனவர்களிடம் சொல்கிறார். சுதந்திர மென்பொருள் வேலையை ஸ்டால்மன் 1983இலேயே ஆரம்பித்துவிட்டதைச் சொல்கிறார். "டோர்வால்ட்ஸ்னு ஒருத்தன், இருபத்தோரு வயசு, பின்லாந்துல உக்காந்து 1991ல எழுதினான்யா. உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போனு, அதுக்குள்ளயும் லினக்ஸுதான்." கேட்பவர் ஆதார் நகலுக்கு வந்தவர், இரண்டு ரூபாய் சில்லறைக்காக நிற்கிறார். இடையிடையே அண்ணன் டெர்மினலைத் திறந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை ஓடவிடுவார். அது வெறும் அப்டேட்தான். ஆனால் பார்க்கிற ஜனம் பணம் எடுத்துவிடுவாரோ என்று சட்டைப் பை போனைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். இந்த மரியாதை பேஜ்மேக்கரில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. ரயில் ஏற அரியலூர்தான் போக வேண்டும். அண்ணன் இப்போதெல்லாம் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அரியலூரில் இறங்கி, சிமென்ட் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் சிநேகிதரைப் பார்க்கப் போகிறார். அங்கே மேஜை, பில் புக், கம்ப்யூட்டர், கணக்குப்பிள்ளை எல்லாவற்றின் மேலும் ஒரே சாம்பல் நிறம். அங்கிருக்கிற கம்ப்யூட்டருக்கும் தகுதி இல்லை.

"இதைப் போட்டுடுறேன் மாப்ள. பறக்கும்."

"டேலி ஓடுமாய்யா?"

"ஒயின்ல போட்டா ஓடும்."

"ஒயினா? ஆபீஸ்லயா?" சிநேகிதர் கணக்குப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்த்தார்.

விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டுகிற ஏற்பாட்டுக்கு ஒயின் என்று பெயர் வைத்தவர் அரியலூரில் லாரி ஆபீஸ் நடத்திப் பார்த்திருக்க மாட்டார். விளக்கி முடிப்பதற்குள் ரயில் நேரமாகிவிட்டது. சிநேகிதர் மறுத்தது அறியாமையால் என்று நான் நினைக்கவில்லை. ஜிஎஸ்டி, இ-வே பில் எல்லாம் பிரவுசரில் முடிகிற வேலை, எந்த லினக்ஸிலும் நடக்கும். எடைமேடையிலிருந்து வயர் வழியாக எடையை வாங்குகிற பழைய புரோகிராம் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாலு லாரி வரிசையில் நிற்கும்போது டிரைவர்களிடம் மென்பொருள் சுதந்திரம் பேச அவருக்குத் தெம்பில்லை.

அண்ணன் கடையிலும் விண்டோஸ் போய்விடவில்லை. பேஜ்மேக்கருக்காக அது பக்கத்துப் பார்ட்டிஷனில் குடியிருக்கிறது, பகலெல்லாம் அதில்தான் பிழைப்பு. கேட்டால் "அது சும்மா, தேவைக்கு" என்பார். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு லினக்ஸ். அதிலும் இப்போது மின்ட் இல்லை. விண்டோஸ் சாயல் இன்னும் அதிகம் என்று ஜோரினுக்குப் போனார், ஜோரின் கனம் என்று எம்எக்ஸுக்கு இறங்கினார், ஃபெடோராவை ஒரு வாரம் வைத்திருந்தார். எதிலும் ஒரு கடிதம்கூட அடிக்கவில்லை. போடுவது, பார்ப்பது, வால்பேப்பர் மாற்றுவது, அடுத்ததை டவுன்லோடுக்குப் போடுவது. பையில் இப்போது பென்டிரைவ் மூன்று, மூன்றும் பூட்டபிள். பைல் காப்பி செய்ய வருகிறவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பிவிடுகிறார்.

போன வாரம் செட்டிகுளத்திலிருந்து ஒருவர், மகள் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க மஞ்சள் பையோடு வந்தார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீலக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"ரெடிங்களா?"

"நாளைக்கு வாங்கய்யா. இன்னிக்கு டெபியன் ஏறிக்கிட்டிருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். "நம்ம பத்திரிகையிலயா?"

"இல்லய்யா, மெஷின்ல."

"சரி, ஏறட்டும். ஆனா பொண்ணோட தாய்மாமன் பேரு மட்டும் விட்டுப்போயிடாம பாத்துக்குங்க, அவரு கொஞ்சம் கோவக்காரரு" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்.