பொன்னாடை போர்த்திய என்ஜின்

குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. துறைத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தியாயிற்று. விமானத் தொழில்துறையோடு புரிந்துணர்வு ஒப்பந்தமாம்: இரண்டு ஃபைல், நாலு கைகுலுக்கல், ஒரு போட்டோ. மண்டபத்துக்குப் பின்னால் லேபில், குறுக்கே அறுத்து வைத்த பழைய ஜெட் என்ஜின் ஒன்று கிடந்தது. நான் பார்த்த கல்லூரிதான், பெயர் வேண்டாம். மாணவர்கள் அதைத் தொடக்கூடாது. ரெக்கார்டு நோட்டில் வரைந்துகொள்ளலாம்.

எனக்குப் போர் விமானத்துக்கென்று நாமே செய்யக் கிளம்பிய காவேரி ஜெட் என்ஜின் ஞாபகம் வந்தது. 1989இல் 382.81 கோடி ரூபாய் ஒதுக்கி, 1996க்குள் முடிப்போம் என்றார்கள். காவிரியில் தண்ணீர் வராவிட்டாலாவது வழக்குப் போட கோர்ட் இருக்கிறது. இந்தக் காவேரிக்கு யாரிடம் போவது? அது தூக்கிப் பறக்க வேண்டிய தேஜஸ் போர் விமானம், இன்று அமெரிக்க என்ஜினில் பறக்கிறது.

சிக்கல் எங்கே? டர்பைன் பிளேடைச் சுற்றி ஓடும் வாயுவின் சூடு, அந்த உலோகமே உருகிவிடும் சூட்டைத் தாண்டியது. உருகாமல் நிற்க வேண்டுமானால் பிளேடை ஒற்றைப் படிகமாக வார்க்க வேண்டும். உள்ளே நுண்ணிய துளைகள் வழியே குளிர்காற்று ஓட வேண்டும். இந்த வித்தையை எவனும் டெண்டரில் விற்கமாட்டான். வருஷக்கணக்கில் உலோகத்தை உடைத்து உடைத்துப் பார்க்கிற ஆட்கள் வேண்டும். விமான என்ஜின் செய்கிற ரோல்ஸ் ராய்ஸுக்கு இது தெரியும். நாம் காவேரிக்குக் கையெழுத்துப் போட்ட மறுவருஷமே, 1990இல், ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலும் ஆய்வு மையங்களைத் தொடங்கிவிட்டது.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? ஆய்வு மானியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டு என்றோம். டெல்லி ஐஐடிக்கு 120 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ் போனது. ஊர் காறித் துப்பிய பிறகு, 2024 செப்டம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். அடடா, என்ன கருணை! நாட்டின் உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 காசு ஆராய்ச்சிக்குப் போகிறது. அதிலும் கைவைக்கத் தோன்றியதே, அந்த மூளைக்குத்தான் முதலில் டாக்டர் பட்டம் தர வேண்டும். ஆய்வு மாணவனின் உதவித்தொகையோ மாதக்கணக்கில் இழுக்கும். அட்டெண்டன்ஸ் மட்டும் ஒருநாள் தவறக்கூடாது.

தேஜஸுக்காக 2021இல் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடம் 99 என்ஜின் கேட்டோம். முதல் என்ஜின் 2025 மார்ச்சில் வந்தது. பொன்னாடை மிச்சம் இருந்தால் அதற்கும் ஒன்று போர்த்திவிடுங்கள் ஐயா.