ஒரே கட்சி, இரண்டு வேலை

கட்சிகள் பெருகினால் ஆட்சி ஆட்டம் காணும் என்று அஞ்சுவோர் நெல்லை மாநகராட்சியைப் பார்த்து மனம் தேறலாம். 2022-இல் 55 வார்டுகளில் தி.மு.க.வுக்கு 44, அ.தி.மு.க.வுக்கு 4. பாவம், நாலு பேர் எதையென்று எதிர்ப்பார்கள்? ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களே பெருந்தன்மையோடு அந்தப் பொறுப்பையும் ஏற்றார்கள்; சொந்த மேயர்மீதே நம்பிக்கையில்லாத் தீர்மானம்! அதன்மீது ஓட்டெடுக்க 2024 ஜனவரியில் மன்றம் கூட்டப்பட்டது. ஆணையர் இருந்தார், நாற்காலிகள் இருந்தன, கவுன்சிலர் ஒருவரும் வரவில்லை. கவிழ்க்கக்கூட ஆளில்லாத ஆட்சியைவிட நிலையான ஆட்சி உண்டா? ஜூலையில் மேயரே ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் புதிய மேயருக்காகக் கவுன்சிலர்கள் ஓட்டுப்போட்டார்கள்: தி.மு.க. வேட்பாளருக்கு 30, எதிர்த்து நின்ற தி.மு.க.காரருக்கு 23. ஊர்மக்கள் மேயருக்கு நேரடியாகக் கடைசியாக ஓட்டுப்போட்டது 2011-இல்.