ஒரு சீட்டு எடுங்க, பெரியம்மா

கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஜான் வெஸ்லிக்கு ஒரு குழப்பம். ஊர், அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உள்ள சவானா. காலம், 1737 மார்ச். பெண்ணின் பெயர் சோஃபி ஹாப்கி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக் கரைகண்ட 33 வயதுப் போதகர், பின்னாளில் மெதடிஸ்ட் சபைக்கே மூலவராகப் போகிறவர், உட்கார்ந்து மூன்று சீட்டு எழுதினார். ஒன்றில் கல்யாணம் செய் என்று இருந்தது. இன்னொன்றில் இந்த வருஷம் வேண்டாம். மூன்றாவதில் அந்த நினைப்பையே விடு. ஜெபம் பண்ணிவிட்டு, கூட இருந்த நண்பர் டெலமோட்டை எடுக்கச் சொன்னார். வந்தது மூன்றாவது சீட்டு. தேவசித்தம் என்று சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டதாக வெஸ்லி நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

எட்டே நாளில் சோஃபி வேறொருவருக்குக் கழுத்தை நீட்டிவிட்டார். ஆகஸ்டில் வெஸ்லி அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார். புருஷன் வழக்குப் போட்டார். டிசம்பரில் போதகர் கப்பலேறிவிட்டார். சந்தோஷமாக ஏற்றுக்கொண்டவர் செய்கிற காரியமா இது?

சீட்டில் கேட்பவர்கள் எல்லாருக்கும் உள்ள சங்கடம் இதுதான். பதில் வருவதற்கு முன்பே மனசு ஒரு பதிலை எழுதி மடித்து வைத்திருக்கும்.

வெஸ்லியை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவர் மெச்சிய மொரேவியர்கள் என்ற சபையார் இதில் பெரிய கைகள். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1728இல் சின்சென்டார்ஃப் பிரபு சபைக்குத் தினம் ஒரு வாக்கியம் கொடுக்க ஆரம்பித்தார். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. இன்றைக்கும் அங்கே பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டு, மூன்று வருஷம் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் யாருக்கு யாரைக் கட்டுவது என்பதற்கும் சீட்டுத்தான். பெண் பார்க்கிற செலவு, தரகர் கமிஷன், பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் மிச்சம். அவர்களில் சிலர் 1760இல் நம்ம தரங்கம்பாடிக்கே வந்து, பக்கத்தில் தோட்டம் போட்டு உட்கார்ந்தார்கள்.

அதற்கும் முன்னால் அகுஸ்தீன். 386இல் மிலான் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்தவரின் காதில், எடுத்து வாசி என்று ஒரு குழந்தைக் குரல் விழுந்தது. பவுலின் நிருபத்தைத் திறந்தார். கண்ணில் பட்டது ரோமர் 13. ஆள் மாறிவிட்டார். அதே அகுஸ்தீன் ஆயரான பிறகு, உலகக் காரியத்துக்கெல்லாம் சுவிசேஷத்தைப் புரட்டிக் குறி கேட்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதினார். பேய்களிடம் கேட்பதற்கு இது தேவலை என்று ஒரு சலுகையும் கொடுத்தார். பிரான்ஸில் 465இல் வான் நகரத்திலும் 506இல் அக்டேயிலும் கூடிய சங்கங்கள் அந்தச் சலுகையும் கொடுக்கவில்லை. வேதத்தைப் புரட்டிக் குறி சொல்கிற குருமாரைச் சபையைவிட்டே விலக்கச் சொல்லித் தீர்மானம் போட்டன. அந்தத் தீர்மானம் திருநெல்வேலிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

டிசம்பர் 31 ராத்திரி பாளையங்கோட்டை வட்டாரத்துக் கோயில் ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஆராதனையின் நடுவே காணிக்கைப் பை வரும். அப்போது பல பேர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபத்தில் இருப்பார்கள். கடைசியில் வாக்குத்தத்தத் தட்டு வரும். அத்தனை கண்ணும் திறந்திருக்கும்.

தட்டில் கையகல அட்டைகள். ஒரு பக்கம் ரோஜாப்பூ அல்லது அருவி, மறுபக்கம் வசனம். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியம்மா எடுக்கிற அழகைப் பார்க்க வேண்டும். முறைப்படி கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் மட்டும் மேலே கிடப்பதை ஒதுக்கிவிட்டு, சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி அடியில் போய்த் துழாவும். தட்டைப் பிடித்திருக்கும் உபதேசியார், “ஒரு சீட்டு எடுங்க, பெரியம்மா, பின்னால ஆளு நிக்கி” என்று மூன்று தரம் சொல்லியாக வேண்டும். எடுத்ததைப் பேரனிடம் நீட்டுவார்.

“என்னல போட்டிருக்கு? வாசி.”

உபத்திரவம், பொறுமை என்று ஏதாவது வந்துவிட்டால், “இது ஒனக்குள்ளது. எனக்கு வேற எடுத்துட்டு வா” என்று பையனைத் திருப்பி அனுப்புவார். துபாயில் இருக்கும் மகனுக்கு ஒன்று, சென்னை மகளுக்கு ஒன்று என்று வராதவர்களுக்கும் சேர்த்து எடுப்பார். மருமகளுக்கு எடுக்கும்போது மட்டும் விரல் அடிவரைக்கும் போகாது.

உண்மையில் அவர் இவ்வளவு சிரமப்படத் தேவையே இல்லை. அட்டை அச்சடிக்கிறவர் முன்பே சலித்துவிட்டார். லேவியராகமம் 13இல் வரும் தோல் வியாதிகளோ ஆகாய் தீர்க்கதரிசி சொன்ன ஓட்டைப் பையோ எந்த அட்டையிலும் வராது. அதிகம் ஓடுகிற சரக்கு எரேமியா 29:11. கர்த்தர் நம்மைப் பற்றி நல்ல நினைவுகளே வைத்திருக்கிறார் என்று சொல்லும் வசனம். பரீட்சை எழுதுகிற பிள்ளை, விசாவுக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை, எல்லாருக்கும் அதுதான். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் இருப்பது அது. ஒரே ஒரு வசனம் மேலே போனால், இதெல்லாம் 70 வருஷம் கழித்து என்று இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மேலே, அதுவரைக்கும் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு என்று சொல்கிறது. விசாவுக்குக் காத்திருப்பவரிடம் 70 வருஷக் கணக்கைச் சொல்ல எந்த அச்சகத்துக்கு மனசு வரும்?

இப்படிக் கிள்ளி எடுப்பதற்கு வசதி செய்து கொடுத்தவர்களில் ஒருவர் ராபர்ட் எத்தியேன் என்ற பிரெஞ்சு அச்சகக்காரர். புதிய ஏற்பாட்டை இன்றைய வசன எண்களோடு 1551இல் அச்சிட்டவர் அவர். பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகிற பிரயாணத்தில் அப்பா அந்தப் பிரிக்கிற வேலையைச் செய்தார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். எண் விழுந்த பிறகு, யார் யாரிடம் சொன்னது என்று பார்க்காமலே ஒரு வரியை உருவிக்கொள்ளலாம். லூக்கா 4:7ஐ மட்டும் உருவி ரோஜாப்பூவுக்குப் பின்னால் போட்டால் அசல் வாக்குத்தத்தமாகவே தெரியும்; எல்லாம் உனக்கே என்று அவ்வளவு தாராளம். சொன்னவன் சாத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அன்றாடப் பிழைப்புக்கு வழி கேட்கிறவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் நேரடியான பதில்கள் கொட்டிக் கிடக்கின்றன. அவை யாருக்கும் தித்திப்பதில்லை. வீடு கட்டுகிறவருக்கு உபாகமம் 22:8 ஒரு நகராட்சி விதியே வைத்திருக்கிறது: யாரும் விழுந்து சாகாதபடி மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பு. வீடு வாங்குகிறவருக்கு லேவியராகமம் 14. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படை படர்ந்தால் ஆசாரியனைக் கூப்பிட்டுக் காட்டு. ஏழு நாள் பூட்டி வை. பரவினால் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டு, பூச்சைச் சுரண்டி மறுபூச்சு பூசு. அப்புறமும் வந்தால் வீட்டை இடி. ஐப்பசி மழைக்குப் பிறகு நம்ம ஊர் மேஸ்திரி இதைவிட ஒழுங்காகச் சொல்லிவிட முடியாது. ஆனால் வீடு பார்க்கப் போகும் விசுவாசி, கர்த்தர் இடம் உண்டாக்கினார் என்று சொல்லி ஈசாக்கு பெயர் வைத்த ரெகொபோத் கிணற்றைத்தான் நினைத்துக்கொண்டு போகிறார். ஈரம் ஊறிய சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை.

நீதிமொழிகள் இன்னும் கறார். 20:14இல், மட்டம் மட்டம் என்று சொல்லிப் பேரம் பேசி வாங்கிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பீற்றிக்கொள்கிற ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. 25:17, அடிக்கடி அடுத்தவன் வீட்டுக்குப் போகாதே, சலித்துப்போவான் என்கிறது. 27:14, விடியற்காலையில் எழுந்து சிநேகிதனை உரத்த சத்தத்தில் வாழ்த்தினால் அது சாபமாகவே எண்ணப்படும் என்று எச்சரிக்கிறது. வாட்ஸ்அப்பில் அதிகாலை நாலரைக்கு ஆசீர்வாதம் அனுப்புகிறவர்கள் இந்த ஒரு வசனத்தை மட்டும் இதுவரை யாருக்கும் அனுப்பியதில்லை. நடைமுறை வசனங்களிலேயே செல்வாக்குள்ளது 1 தீமோத்தேயு 5:23தான். வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடலாம் என்று பவுல் கொடுத்த மருந்துச் சீட்டு. கோயில் பக்கமே தலைவைக்காத மாமாக்கள்கூட அதிகாரம், வசனம் தப்பாமல் சொல்வார்கள். வயிற்றில் ஒரு கோளாறும் இருக்காது.

மேற்படி பெரியம்மாவின் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். வாக்குத்தத்தத் தட்டு வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பதால் தேதிக்கு ஓர் அதிகாரம் வாசிப்பது அவர் வழக்கம். 31ஆம் தேதி வருகிற மாதங்களில், குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய அந்தக் கடைசி அதிகாரத்தைக் கொஞ்சம் உரக்கவே வாசிப்பார். அடுக்களையில் பாத்திரச் சத்தமும் அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே கேட்கும்.

பெரியம்மாவின் தம்பி ரொட்டிக்கடை போட வங்கியில் கடன் கேட்டிருந்தார். ஜாமீன் கையெழுத்து அக்காதான் போட வேண்டும். தம்பியின் முந்தைய இரண்டு கடைகளும் போன வழி ஊருக்கே தெரியும். பெரியம்மா ஜெபம் பண்ணிக் கண்ணை மூடி வேதத்தைத் திறந்தார். வந்தது 1 நாளாகமம். ஆதாமில் தொடங்கி ஒன்பது அதிகாரத்துக்கு வம்சப் பட்டியல். வேறொருவராக இருந்தால் மூடிவிட்டு மறுபடி திறந்திருப்பார்.

“பாத்தியளா, பூரா பேரா வருது. பேரைப் போடச் சொல்லுதாரு” என்றார்.

வாத்தியார் வாதாடவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தை எடுத்து, பிறர் கடனுக்குப் பிணைப்படாதே, கொடுக்க இல்லாவிட்டால் படுத்திருக்கிற கட்டிலையே உருவிக்கொண்டு போவார்கள் என்று வரும் இடத்தை நிறுத்தி வாசித்தார்.

“அது அந்தக் காலத்துக் கட்டிலு. நம்மளுது தேக்கு, நாலு ஆளு சேந்தாலும் தூக்க மாட்டான்.”

மறுநாள் தம்பி பாரத்தோடு வந்தார். பெரியம்மாவின் ஆதார் அட்டையைக் காணோம். பீரோ, தலையணை உறை, அரிசிப் பானை, வாக்குத்தத்த அட்டைகள் சேர்த்து வைத்திருக்கும் பிஸ்கட் டின் எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. வெள்ளையடிக்க வந்த பையன் வேதபுத்தகத்தைத் தூசி தட்டும்போதுதான் அது விழுந்தது. அதற்குள் மாதம் இரண்டு ஓடி, தம்பி வேறு ஆளைப் பிடித்துவிட்டிருந்தார். அட்டை இருந்தது லேவியராகமத்துக்குள். அந்தப் பக்கம் பெரியம்மா போகமாட்டார் என்பது வாத்தியாருக்குத் தெரியும்.